நாலு அங்குல ஆணியும் மஞ்சள் ஆடும்!

"அப்பா... நூறு ஆணி வாங்கணும். நாலு அங்குலம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். (ஸ்வீடனுக்குக் குடிவந்த ஆண்களின் சமையலறை அனுபவங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. இப்போது வேண்டாம்!) பதினாறு வயசுப் பையன் தானாக வந்து ஆணி கேட்கிறானே, சுவரில் காலண்டர் மாட்டப்போகிறான் போலிருக்கிறது, பொறுப்பு வந்துவிட்டது என்று ஒரு விநாடி பூரித்துப்போனேன்.

"நூறு எதுக்குடா?"

"கையில போட்டுக்க."

தோசை கருகிவிட்டது.

விஷயம் இதுதான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுற்றிக்கொள்கிற மாதிரி ஒரு தோல் பட்டை. அதில் உள்பக்கமிருந்து ஆணிகளைக் குத்தி, கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆணித் தலைகள் சதையை அறுக்காமலிருக்க உள்ளே இன்னொரு தோல் ஒட்ட வேண்டும். மாட்டிக்கொண்டால் முள்ளம்பன்றிக்கு மாப்பிள்ளை மாதிரி இருக்கும். இதைப் போட்டுக்கொண்டு என் பையன் டிரம்ஸ் வாசிக்கப் போகிறானாம். வகுப்புத் தோழர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கோஷ்டி ஆரம்பித்திருக்கிறான். கோஷ்டியின் பெயரை இங்கே எழுத முடியாது. எழுதினால் ஆசிரியர் அந்த ஆணிப் பட்டையை என்மேல் பிரயோகிப்பார்.

"என்ன மாதிரி மியூஸிக்டா?"

"பிளாக் த்ராஷ்."

"அப்டின்னா?"

போட்டுக் காட்டினான். ஓடுகிற மிக்ஸியில் எவர்சில்வர் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேலே, அந்த மிக்ஸியின் சொந்தக்காரர் தொண்டை கிழியக் கத்துகிற மாதிரி இன்னொரு சத்தம். இரண்டரை நிமிஷம். பிறகு திடீரென்று நின்றது. வீட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நல்லா இருக்கா?" என்றான். முகத்தில் அத்தனை எதிர்பார்ப்பு.

"முடிஞ்சது நல்லா இருக்கு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். என் நகைச்சுவைக்கு வீட்டில் என்றைக்கு மரியாதை இருந்தது?

நாங்கள் இருப்பது கோத்தன்பர்க் நகரத்தில். ஆற்றைத் தாண்டினால் ஹிசிங்கன் என்கிற பெரிய தீவு; அங்கேதான் வீடு, அங்கேதான் வேலை. எங்கள் பால்கனியில் நின்றால் ராம்பெரியெட் என்ற பாறைக் குன்று தெரியும். அந்தக் குன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லியே ஆக வேண்டும்.

அன்று ராத்திரி சமாதானத் தூதுவனாக அவன் அறைக் கதவைத் தட்டினேன். "சரி, புரியற மாதிரி சொல்லு" என்றேன். அதற்காகவே காத்திருந்தவன் போல ஆரம்பித்தான்.

1982-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் 'வெனம்' என்று மூன்று பேர் 'பிளாக் மெட்டல்' என்று ஒரு ரெக்கார்டு போட்டார்கள். வாசிப்பு சுமார், அட்டகாசம் பிரமாதம். அதே சமயம் டிஸ்சார்ஜ் என்ற பங்க் கோஷ்டி 'டும்-டக்-டுடும்-டக்' என்று நிற்காமல் ஓடுகிற ஒரு டிரம்ஸ் நடையைப் பிரபலமாக்கியது. அந்த நடையைப் பிடித்துக்கொண்டு உசுரை விட்டவர்கள் ஸ்வீடன் பையன்கள்தான். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கிட்டாரை விசைத்தறி மாதிரி ஓட்டுகிற 'த்ராஷ்' பிறந்தது. இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டு, அடி பிடிக்கிற வரை கிளறினால் பிளாக் த்ராஷ். 'அடி பிடிக்கிற வரை' என்பது முக்கியம். பக்குவமாக இறக்கிவிட்டால் அது வேறு சங்கீதம்!

ஸ்வீடனில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது ஸ்டாக்ஹோம் புறநகரான வெலிங்பியில், 1983-ல். பாத்தரி என்று கோஷ்டி. நடத்தியவர் தன்னை க்வார்தான் என்று அழைத்துக்கொண்ட ஓர் இளைஞர். 1984-ல் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி பல கோஷ்டிகளின் பாட்டுகளைத் தொகுத்து 'ஸ்காண்டிநேவியன் மெட்டல் அட்டாக்' என்று வெளியிட்டது. கடைசி நேரத்தில் ஒரு இடம் காலி. பந்தியில் ஆள் குறைந்தால் வாசலில் நிற்கிறவரை இழுத்து உட்காரவைப்பதில்லையா? அப்படித்தான் பாத்தரியை உட்காரவைத்தார்கள். ரெக்கார்டு வெளியானதும் வந்த ரசிகர் கடிதங்களில் பெரும்பாலானவை இலைபோட இடமில்லாமல் உட்காரவைத்த அந்தக் கோஷ்டியைப் பற்றி!

உடனே தனி ரெக்கார்டு போடு என்றார்கள். க்வார்தானுக்கு அப்போது பதினெட்டு வயசு. கார் ஷெட்டை மாற்றியமைத்த ஒரு ஸ்டுடியோவில் பதிவு. அட்டையில் ஒரு ஆட்டுத் தலை. கறுப்புப் பின்னணியில் தங்க நிறத்தில் அச்சடிக்க ஆசைப்பட்டார். தங்க மசிக்குக் காசு ஜாஸ்தி. கிட்டத்தட்ட தங்கம் மாதிரி ஏதாவது போடுங்கள் என்றார். அச்சாகி வந்தது பளீர் மஞ்சள். சைத்தான் போல முறைக்க வேண்டிய ஆடு, மஞ்சள் நீராட்டுக்குப் போய் வந்த மாதிரி நின்றது. தலையில் அடித்துக்கொண்டு அடுத்த பதிப்பைக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். அந்த முதல் ஆயிரம் 'மஞ்சள் ஆடு' பிரதிகளை இன்றைக்கு உலகம் பூராவும் தேடித் தேடி, கொட்டிக் கொடுத்து வாங்குகிறார்கள்.

இதைச் சொல்லும்போது என் பையனின் கண்ணைப் பார்க்க வேண்டுமே! எனக்கும் பிடித்துவிட்டது அந்த ஆடு.

1987-ல் வந்த மூன்றாவது ரெக்கார்டின் அட்டை இன்னும் விசேஷம். மலையுச்சியில் ஆட்டுத் தலையோடு ஒரு ராட்சசன். மலை எங்கே? ஸ்டாக்ஹோம் ராயல் ஆப்பரா அரங்கில் 'கார்மென்' நாடகத்துக்குப் போட்டிருந்த செட்! ராட்சசன் யார்? உள்ளூர் பாடிபில்டர் ஒருவர், முகமூடி மாட்டிக்கொண்டு! நரகத்தின் வாசல் என்று உலகமே நடுங்கிய இடத்தில் மறுநாள் யாரோ ஒரு அம்மாள் பட்டுக் கவுன் போட்டுக்கொண்டு பாடியிருப்பார்.

அப்போதெல்லாம் இந்தச் சங்கீதம் ரேடியோவில் வராது, கடையில் கிடைக்காது. காஸெட்டில் பதிந்து ஊருக்கு ஊர் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். தபால்தலை மேல் மெல்லிசாகப் பசை தடவிவிடுவது ஒரு தந்திரம். போய்ச் சேர்ந்ததும் தபால் முத்திரையைத் தண்ணீரில் கழுவிவிட்டு அதே தபால்தலையை மறுபடி ஒட்டலாம். நாத்திகம் பேசினாலும் நடுத்தரவர்க்கம் நடுத்தரவர்க்கம்தான். சிக்கனம் விடாது.

1990-ல் ஆரம்பித்தது நீஃபல்ஹெய்ம். இரட்டைச் சகோதரர்கள். மேடைப் பெயர்கள் 'ஹெல்புட்சர்', 'டைரன்ட்'. நரகக் கசாப்புக்காரரும் கொடுங்கோலரும்! என் பையனின் ஆணிப் பட்டைக்கு ஆதாரமே இவர்கள் கைகள்தான். முதல் ரெக்கார்டு 1995-ல். அந்தச் சமயத்தில் கோத்தன்பர்க் கோஷ்டிகள் இனிமை, நேர்த்தி என்று மெருகேறிக்கொண்டிருந்தன. பிற்பாடு உலகமே அதை 'கோத்தன்பர்க் பாணி' என்றது. இவர்கள் மட்டும் பிடிவாதமாகப் பத்து வருஷம் பின்னால் போய், 1985-ன் கரடுமுரடை மறுபடி தோண்டி எடுத்தார்கள். இந்தக் கசாப்புக்காரரையும் கொடுங்கோலரையும் வைத்து ஸ்வீடன் தொலைக்காட்சி ஒரு படம் எடுத்தது. எதற்குத் தெரியுமா? அயர்ன் மெய்டன் கோஷ்டியின் தீவிர ரசிகர்கள் என்பதற்காக! தங்கள் சேகரிப்பைக் குழந்தைகள் பொம்மை காட்டுவது போல ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்தபிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் இரண்டு நாள்தான் நீடித்தது.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வராமல் இணையத்தில் தேடினேன். பக்கத்து நார்வேயில் 1992-ல் பழமையான மர தேவாலயத்தைக் கொளுத்தினார்கள் என்று அரைகுறையாகத் தெரியும். எங்கள் ஹிசிங்கனிலேயே 1993-ல் லுண்ட்பி புதிய தேவாலயம் கொளுத்தப்பட்டது தெரியாது. நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். இப்போது அங்கே நிற்பது பிறகு கட்டியது.

அடுத்தது அந்தக் குன்று. ராம்பெரியெட்டின் சரிவில் கெய்லர்ஸ் பார்க் இருக்கிறது. பையன் சின்னவனாக இருந்தபோது சறுக்குப் பலகையோடு பனியில் விளையாட அங்கேதான் கூட்டிப்போவேன். 1997 ஜூலையில் அங்கே ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். அல்ஜீரியாவிலிருந்து வந்தவர், ஓரினச் சேர்க்கையாளர். தண்டிக்கப்பட்ட இருவரில் ஒருவர் ஜோன் நோட்வெய்ட், டிஸெக்‌ஷன் என்ற புகழ்பெற்ற பிளாக் மெட்டல் கோஷ்டியின் பாடகர். 2004-ல் விடுதலையாகி வந்தார். 2006-ல் தற்கொலை செய்துகொண்டார்.

வேறு தேசத்திலிருந்து வந்த, தோல் நிறம் மாறிய ஒரு ஆள். என் பால்கனியிலிருந்து தெரிகிற இடத்தில்.

லாப்டாப்பை மூடிவிட்டுப் பையன் அறை வாசலில் போய் நின்றேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நாற்காலியில் அந்த ஆணிப் பட்டை.

மறுநாள் நேராகவே கேட்டேன்: "டிஸெக்‌ஷன் தெரியுமா உனக்கு?"

நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தெரியும்ப்பா. பாட்டு நல்லா இருக்கும். அதுதான் கஷ்டம்."

"அப்டின்னா?"

"மட்டமா இருந்தா சுலபமா தூக்கிப் போட்டுடலாம்ல? எங்க பேஸ் வாசிக்கிற பொண்ணுக்கு ரெண்டு அம்மா. அவ அந்த ரெக்கார்டைத் தொடமாட்டா. கிட்டார்க்காரன், 'செத்தவனோட பாட்டைக் கேட்டா என்ன'ங்கறான். ரெண்டு பேருக்கும் ஒரு வாரம் சண்டை. கடைசில அந்தச் சட்டையைப் போட்டுட்டு ரிகர்சலுக்கு வரக்கூடாதுன்னு முடிவு பண்ணினோம்."

"நீ என்ன சொன்னே?"

"நான்தான் அந்த முடிவையே சொன்னேன்" என்றான். "என்னைப் பார்த்தா அவங்க யாரைச் சுட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. பதினாறு வயசுப் பையன் இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறான்; நான் தோசை கருகியதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சகதர்மிணிக்கு என்னளவு பயமில்லை. "நம்ம ஊர்ல புது வீடு கட்டினா வாசல்ல என்ன மாட்டறோம்? பல்லும் கொம்பும் நாக்குமா ஒரு மூஞ்சி. திருஷ்டிக்குத்தானே? அந்த மாதிரின்னு நெனச்சுக்கோங்க" என்றாள். "ஆனா அந்த ஆணி சோபாவுல பட்டுது, அப்புறம் நான் காட்டறேன் பிளாக் த்ராஷ்!"

ரிகர்சலைப் பார்க்கப் போனேன். இங்கேதான் ஸ்வீடன் என்கிற தேசம் என்னை மறுபடி ஆச்சரியப்படுத்தியது. பாடம் நடத்துகிற பொதுக்கல்விச் சங்கங்கள் இங்கே உண்டு. மூன்று பேர் சேர்ந்து எதையாவது கற்றுக்கொண்டால் அது 'படிப்பு வட்டம்'. தையலும் படிப்பு வட்டம், ஸ்பானிஷும் படிப்பு வட்டம், நரகத்தைப் பற்றிக் கதறுவதும் படிப்பு வட்டம்! அரசாங்க மானியத்தில் அறை, மின்சாரம், டிரம்ஸ் எல்லாம் கிடைக்கும். பதிலுக்கு ஒன்றுதான் கேட்பார்கள்: வருகைப் பதிவு! பாட்டு வகுப்புக்கு ஊராட்சிப் பள்ளி, பழக அறைக்குச் சங்கம் என்று பின்பலம் இருப்பதால்தான் ஒரு கோடி சொச்சம் ஜனத்தொகை உள்ள நாட்டில் தெருவுக்கு ஒரு கோஷ்டி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. (அந்த மானியத்தை 2024 முதல் அரசாங்கம் வெட்ட ஆரம்பித்துவிட்டது. சைத்தானால் முடியாததை பட்ஜெட் சாதித்துவிடும் போலிருக்கிறது.)

கிட்டார்க்காரன், எலும்புக்கூடு போட்ட சட்டையோடு, பேனாவை வாயில் கடித்துக்கொண்டு, "இன்னைக்குத் தேதி என்ன?" என்று கேட்டுப் படிவத்தை நிரப்பியதை நான் என் இரு கண்ணால் பார்த்தேன்.

காதில் பஞ்சு, அதற்கு மேல் தொழிற்சாலையில் போடுகிற காதுக்கவசம் சகிதமாக ஒரு மூலையில் உட்கார்ந்தேன். பாடுகிற பெண் தெர்மாஸிலிருந்து வெந்நீரும் தேனும் குடித்தாள். என்னைப் பார்த்து, "சத்தம் அதிகமானால் சொல்லுங்கள் அங்கிள்" என்கிற மாதிரி ஸ்வீடிஷில் பணிவாகச் சொன்னாள். அடுத்த விநாடி அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் நான் நாற்காலியோடு ஓர் அங்குலம் பின்னால் போனேன். குரல் கெட்டுவிடாதா என்று பிறகு கேட்டேன். அசல் குரல்நாணுக்கு மேலே 'போலிக் குரல்நாண்' என்று ஒரு மடிப்பு இருக்கிறதாம். மூச்சை வயிற்றிலிருந்து அளந்து விட்டு அதை அதிரவைக்க வேண்டும். கத்தத் தெரியாதவன்தான் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வான் என்றாள். எங்கள் ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு அவளை அழைத்துப் போகலாமென்று தோன்றியது.

ஒரே இடத்தைப் பதினேழு தடவை வாசித்தார்கள். எண்ணினேன். நிமிஷத்துக்கு இருநூறு அடிக்கு மேல் போகிற ஓட்டத்தில், நாலாவது சுற்றின் முடிவில் நாலு பேரும் ஒரே மயிரிழையில் நிற்க வேண்டும். பதினாறு தடவை யாராவது ஒருவர் வழுக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. பதினேழாவது தடவை நின்றது. என் பையன் வியர்வை வழிய என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் கோபமென்று சொல்கிறார்களே, அந்த அறையில் எங்கே தேடியும் எனக்குக் கோபம் கிடைக்கவில்லை. முழு வேகத்தில் ஓடுகிற நாலு குழந்தைகள்தான் கிடைத்தார்கள்.

எல்லாமே பிரமாதம் என்று புளுக மாட்டேன். இந்த ரகத்தில் பத்துப் பாட்டில் ஏழு ஒரே மாதிரி இருக்கிறது. பாட்டு வரிகளில் பாதி, பயமுறுத்த வேண்டுமே என்று எழுதியவை. ஆனால் நல்ல பாட்டு ஒன்று கிடைத்தால், மழை நாளில் பிரேக் பிடிக்காத சைக்கிளில் சரிவில் இறங்குகிற மாதிரி ஒரு சுகம். ஐம்பது வயசில் அது வேறு எங்கே கிடைக்கும் சொல்லுங்கள்.

2025 செப்டம்பரில் ஒரு நாள் பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அட் த கேட்ஸ் கோஷ்டியின் பாடகர் தோமஸ் லிண்ட்பெரி புற்றுநோயில் இறந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயசு. இந்த ஊர்க்காரர். அண்டர்கிரவுண்டின் ஆரம்ப நாள் ஆசாமி. நார்வேயின் டார்க்த்ரோன் கோஷ்டிக்கு அந்த முள்வேலி மாதிரி எழுத்தை வரைந்து கொடுத்தவரே அவர்தான். மேடையில் உயிர்போகக் கதறியவர், பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தார். "அந்த க்ளாஸ்ல பின் பெஞ்சுல யாரும் பேசியிருக்க மாட்டாங்க" என்றேன். இந்தத் தடவை பையன் சிரித்தான். கொஞ்சம் அழுதுகொண்டே.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவர்கள் முதல் கச்சேரி. மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. ஒரு நிலவறை; அறுபது பேர் இருக்கலாம். வாசலில் காதடைப்பான் இலவசம். ஐம்பது காஸெட் (ஆமாம், காஸெட்தான்! என் செலவு!) போட்டு மேஜையில் அடுக்கியிருந்தார்கள். ஜெராக்ஸ் அட்டை. வெள்ளைத்தாளில் கறுப்பாக வர வேண்டிய ஓநாய், மசி தீர்ந்து சாம்பல் நிறத்தில் பரிதாபமாகப் பார்த்தது.

மொத்தமே பத்தொன்பது நிமிஷம். முன்னால் நின்ற கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் இடித்துத் தள்ளிக்கொண்டு சுற்றியது. ஒரு பையன் வழுக்கி விழுந்தான். விழுந்த மாத்திரத்தில் ஏழெட்டுக் கைகள் நீண்டு தூக்கி நிறுத்திவிட்டன. அப்புறம் மறுபடி இடி. மூன்றாவது பாட்டில் என் பையன் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டான். எனக்குத் தெரிந்துவிட்டது, பதினேழு தடவை கேட்டவனாயிற்றே! நெஞ்சு திக்கென்றது. அவன் நிறுத்தவில்லை. தப்பின் மேலேயே இன்னும் வேகமாக ஏறிப் போனான். மற்ற மூன்று பேரும் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

என் பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒருவர், என் வயசிருக்கும். சட்டையில் மஞ்சள் ஆடு. குனிந்து என் காதருகே கத்தினார்:

"டிரம்ஸ் உங்கள் பையனா?"

"ஆமாம்."

"நன்றாகத் தப்புப் பண்ணுகிறான்!" என்று என் தோளில் ஓங்கித் தட்டினார்.

இரண்டு காஸெட் வாங்கிக்கொண்டு போனார், நாற்பது குரோனா சில்லறையாக எண்ணிக் கொடுத்து.

திரும்பி வரும்போது ராம்பெரியெட்டைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பார்க்கில் விளக்குகள் எரிந்தன. யாரோ நாயை நடத்திக்கொண்டு போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பையன் பின் சீட்டில் சாய்ந்து, ஆணிப் பட்டையைக் கழற்றக்கூட மறந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.

சீட் உறையில் ஏழு ஓட்டை. அவன் அம்மா இன்னும் பார்க்கவில்லை.